சூரிச்ல ஒரே பூட்டை ரெண்டு தடவை போட்டாங்க: ப்ளாட்ஸ்பிட்ஸ் 1992, லெட்டன் 1995

1992 பிப்ரவரி 5, சூரிச் மெயின் ஸ்டேஷனுக்குப் பின்னாடி இருக்கற ப்ளாட்ஸ்பிட்ஸ் பார்க்கை போலீஸ் இழுத்துப் பூட்டுச்சு. 1995 பிப்ரவரி 14, அதே ஊர்ல ஆத்தோரமா கொஞ்சம் தள்ளி இருந்த லெட்டன்ங்கற பழைய ரயில்வே ஸ்டேஷனை அதே போலீஸ் பூட்டுச்சு. ரெண்டு தடவையும் காரணம் ஒண்ணுதான், பட்டப்பகல்ல ஆயிரக்கணக்கான பேர் அங்க ஹெராயின் வாங்கி அங்கயே ஊசி போட்டுக்கிட்டு இருந்தாங்க. முதல் பூட்டு போட்டப்போ கூட்டம் பக்கத்துத் தெருவுக்குப் போச்சு, நிலைமை முன்னைவிட மோசமாச்சு. ரெண்டாவது பூட்டுக்கு அப்புறம் அந்த அளவுல ஒரு திறந்தவெளி போதைச் சந்தை சூரிச்ல திரும்ப வரவே இல்ல. அதே ஊரு, அதே போலீஸ், அதே சரக்கு, வாங்கறவங்களும் பெரும்பாலும் அதே ஆளுங்கதான். நடுவுல இருந்த மூணு வருஷத்துல என்ன மாறுச்சுன்னு உக்காந்து பார்த்தா, போதைப் பழக்கத்தை ஒரு அரசாங்கம் எப்படிக் கையாளணும்ங்கற கேள்விக்கு மத்த எந்த ஊரு கதையையும்விட தெளிவான பதில் இங்க கிடைக்குதுன்னு நான் நினைக்கறேன், அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

கொஞ்சம் பின்னாடி போகணும். சுவிட்சர்லாந்தோட போதைப்பொருள் சட்டம் 1951ல வந்தது, 1975ல அதை இறுக்கினாங்க, விக்கறது கடத்தறது மட்டும் இல்லாம பயன்படுத்தறதையும் குற்றம்னு ஆக்கினாங்க. ஆனா ஹெராயின் பரவறது நிக்கல. 1980ல சூரிச்ல இளைஞர்கள் பெரிய கலவரமே பண்ணாங்க, ஆப்பரா ஹவுஸுக்கு கோடி கோடியா கொட்டறீங்க எங்களுக்குன்னு ஒரு இடம் கிடையாதான்னு ஆரம்பிச்சது அது. அதுல கிடைச்ச இளைஞர் மையம் ரொம்ப நாள் நிலைக்கல, 1982லயே இடிச்சுட்டாங்க. அதுக்கப்புறம் போதைக்கு அடிமையானவங்க கூட்டம் ஊருக்குள்ள இடம் மாறி இடம் மாறி சுத்துச்சு, போலீஸ் ஒரு சதுக்கத்துல விரட்டினா அடுத்த சதுக்கம், அங்க விரட்டினா ஏரிக்கரை, இப்படியே பல வருஷம். 1986, 87 வாக்குல எல்லாரும் ப்ளாட்ஸ்பிட்ஸ்ல வந்து சேர்ந்தாங்க.

ஏன் அந்த இடம்னா, லிம்மாட் ஆறும் சீல் ஆறும் சேர்ற முனையில இருக்கற நாக்கு மாதிரி ஒரு நிலம் அது. ரெண்டு பக்கம் தண்ணி, இன்னொரு பக்கம் தேசிய மியூசியம், வீடுங்கன்னு எதுவும் ஒட்டி இல்ல. போலீஸுக்கு கண்ணுல வெச்சுக்க வசதி, ஊர்க்காரங்களுக்கு தினமும் பார்க்க வேண்டிய அவசியம் இல்ல. யாரும் கூட்டம் போட்டு தீர்மானம் எழுதி இந்த பார்க்கை விட்டுக்குடுக்கல, விரட்டி விரட்டி அலுத்துப்போய் அப்படியே விட்டுட்டாங்க. சகிச்சுக்கிட்டதை ஒரு கொள்கைன்னு அப்புறம் வெளிநாட்டு பத்திரிகைங்க எழுதுச்சு, ஊசி பார்க்னு பேர் வெச்சு உலகம் பூரா காட்டுச்சு.

இதுல எய்ட்ஸ் வந்து சேர்ந்ததுதான் கதையோட திருப்பம். 1980களின் நடுவுல மேற்கு ஐரோப்பாவுலயே எச்ஐவி பாதிப்பு ரொம்ப அதிகமா இருந்த நாடு சுவிட்சர்லாந்து, அதுல பெரிய பங்கு ஒரே ஊசியை பல பேர் போட்டுக்கறதால வந்தது. அந்த நேரத்துல சூரிச் கான்டனோட (கான்டன்னா அங்க மாநிலம் மாதிரி) தலைமை மருத்துவ அதிகாரி என்ன பண்ணாருன்னா, போதைக்காரங்களுக்கு புது சிரிஞ்ச் குடுக்கக் கூடாது, குடுத்தா டாக்டர் லைசென்ஸ் போயிடும்னு 1985ல உத்தரவு போட்டாரு. சிரிஞ்ச் குடுத்தா பழக்கத்தை ஊக்குவிக்கற மாதிரி ஆயிடும்ங்கற எண்ணம். சுமார் 300 டாக்டர்கள் ஒண்ணா சேர்ந்து, நாங்க குடுப்போம், முடிஞ்சதைப் பண்ணிக்கோங்கன்னு வெளிப்படையா அறிவிச்சாங்க. அடுத்த வருஷமே தடை போச்சு. இந்த 300 பேரை எல்லாரும் அவ்ளோவா பேசறது இல்ல, ஆனா பின்னாடி வந்த எல்லா நல்ல காரியத்துக்கும் அவங்கதான் கதவைத் திறந்தாங்கன்னு எனக்குப் படுது, ஏன்னா அந்த நாள்லேர்ந்து இது போலீஸ் விவகாரமா மட்டும் இல்லாம டாக்டர் விவகாரமாவும் ஆச்சு.

1988 கடைசியில பீட்டர் க்ரோப்ங்கற நோய் எதிர்ப்புத் துறை மருத்துவர் தலைமையில எய்ட்ஸ் தடுப்பு திட்டம் ஒண்ணு பார்க்குக்குள்ளயே ஆரம்பிச்சது. ஒரு நாளைக்கு 10,000 சிரிஞ்ச் பக்கம் மாத்திக் குடுத்தாங்க, கல்லீரல் அழற்சிக்கு தடுப்பூசி போட்டாங்க, ஓவர்டோஸ் ஆகி மூச்சு நின்னவங்களை அந்த புல்தரையிலயே படுக்க வெச்சு திரும்ப மூச்சு வரவெச்சாங்க, அப்படி காப்பாத்தப்பட்டவங்க ஆயிரக்கணக்குல. உச்சத்துல ஒரு நாளைக்கு 2,000லேர்ந்து 3,000 பேர் வரை வந்து போனாங்க. இவங்கள்ல பெரும்பாலானவங்க சூரிச் நகரத்து ஆளுங்களே கிடையாது, சுத்துப்பட்டு ஊர்லேர்ந்தும் வேற கான்டன்லேர்ந்தும் ரயில் ஏறி வந்தவங்க, சில பேர் காலையில வேலைக்குப் போற மாதிரியே டை கட்டிக்கிட்டு வந்து வாங்கிட்டு ஆபீஸ் போனாங்க. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, அப்புறம் ரொம்ப முக்கியமா ஆகப்போகுது.

அந்த பார்க்ல இருந்த ஏழ்மை எவ்ளோன்னு சொல்ல ஒரே ஒரு விஷயம் போதும். கையில காசே இல்லாதவங்க சின்னதா ஒரு பலகை போட்டு அதுல ஸ்பூன், தண்ணி, பஞ்சு ஃபில்டர் எல்லாம் அடுக்கி வெச்சிருப்பாங்க. சரக்கு வாங்கினவங்க அங்க வந்து காய்ச்சி வடிகட்டி ஊசி போட்டுட்டு, கூலியா அந்த பஞ்சை விட்டுட்டுப் போவாங்க. அந்த பஞ்சுல ஒட்டியிருக்கற மிச்சத்தை சேர்த்து சேர்த்து காய்ச்சி இவங்க போட்டுக்குவாங்க. ஃபில்டர்லிக்காரங்கன்னு அவங்களுக்கு ஊர்ல பேரே இருந்துச்சு. உலகத்துலயே பணக்கார ஊர்கள்ல ஒண்ணோட மெயின் ஸ்டேஷன்லேர்ந்து ரெண்டு நிமிஷ நடை தூரத்துல இது நடந்துச்சு.

முதல் பூட்டு

சிரிஞ்ச் குடுத்ததால உயிருங்க பிழைச்சுது, ஆனா பார்க் தாங்கல. திருட்டு, அடிதடி, டீலர் கும்பல், வரவர கூட்டம் ஏறிக்கிட்டே போச்சு. கடைசியில மாவட்ட அதிகாரியோட உத்தரவுப்படி 1992 பிப்ரவரில மூடினாங்க. மூடினப்போ இந்த மூவாயிரம் பேர் அடுத்த நாள் காலையில எங்க போவாங்கங்கற கேள்விக்கு யார்கிட்டயும் பதில் இல்ல. ஹெராயினுக்குப் பதிலா டாக்டர் குடுக்கற மாத்து மருந்தான மெத்தடோனை வாங்க நிபந்தனை மேல நிபந்தனை, சிகிச்சை மையங்கள்ல இடம் கம்மி, இருக்கறதும் முழுசா விட்டாதான் உள்ள விடுவோம்னு சொல்ற மையங்கள். ராத்திரி படுக்க இடம் பத்தாது.

அதனால கூட்டம் அப்படியே பக்கத்துல இருந்த 5வது வட்டத்துக்குள்ள, தொழிலாளிங்களும் வெளிநாட்டுக்காரங்களும் அதிகமா இருக்கற ஏரியாவுக்குள்ள புகுந்துச்சு. வீட்டு வாசல் படி, உள்முத்தம், ஸ்கூல் மைதானம், எங்க பார்த்தாலும் ஊசி. பார்க்ல இருந்தப்போ க்ரோப் டீம் பக்கத்துலயே இருந்தாங்க, ஓவர்டோஸ் ஆனா ஓடி வந்தாங்க, இப்போ யாரோ ஒருத்தர் எங்கேயோ ஒரு மாடிப்படிக்கு அடியில தனியா விழுந்து கிடந்தா காலையில பால் எடுக்க வர்றவங்கதான் பார்க்கணும். போதையால நாடு முழுக்க செத்தவங்க எண்ணிக்கை 90களின் தொடக்கத்துல வருஷத்துக்கு 400ஐத் தொட்டுச்சு, 70 லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை இருந்த நாட்டுல. அந்த வட்டத்து மக்கள் கொதிச்சுப் போனாங்க, அவங்க கோவத்துல தப்பே இல்ல, குழந்தையை தெருவுக்கு அனுப்ப முடியலன்னா யாருக்குத்தான் கோவம் வராது. அப்புறம் போலீஸ் அங்கேர்ந்தும் தள்ளித் தள்ளி, கூட்டம் லெட்டன் தண்டவாளத்துல போய் உக்காந்துச்சு. அதுவும் லிம்மாட் கரைதான். 1994 கோடைக்காலத்துல அங்க டீலர் கும்பல்களுக்குள்ள துப்பாக்கிச் சூடு வரைக்கும் போச்சு. ப்ளாட்ஸ்பிட்ஸே பரவாயில்லன்னு பேசற அளவுக்கு ஆயிடுச்சு.

போலீஸ் நடவடிக்கை மட்டும் எடுத்தா என்ன ஆகும்ங்கறதுக்கு இதைவிட சுத்தமான சாட்சி தேட வேண்டியது இல்ல. தேவை குறையல, விக்கறவனுக்கு லாபம் குறையல, இடம் மட்டும் மாறுச்சு, அதுவும் மோசமான இடத்துக்கு. சமூகத்துக்கு ஆன செலவு கணக்குல பார்க் சுத்தம் ஆனது ஒரு வரவு, ஆனா ஒரு வட்டத்து மக்களோட நிம்மதி, கூடுதல் திருட்டு, ஜெயில் செலவு, ஆம்புலன்ஸ், புது எச்ஐவி தொற்று இதெல்லாம் எந்த பட்ஜெட்லயும் ஒரே வரியில வராத செலவு, அதனாலதான் அரசாங்கங்களுக்கு அது கண்ணுல படறது இல்லன்னு நினைக்கறேன்.

நடுவுல நடந்தது

1992க்கும் 95க்கும் நடுவுல நடந்த வேலை போட்டோவுல வர்ற மாதிரி வேலை கிடையாது. முதல்ல, மேற்பார்வையில ஊசி போட்டுக்கற ரூம் இருக்கற தொடர்பு மையங்கள் சூரிச்ல நிரந்தரமா வந்துச்சு. இந்த மாதிரி அங்கீகாரத்தோட நடக்கற உலகத்தோட முதல் ரூம் 1986லயே பெர்ன்ல வந்துடுச்சு, சூரிச் கொஞ்சம் லேட்டு. இரவு தங்குமிடம், அன்னன்னைக்கு கூலி குடுக்கற சின்ன வேலைகள், மெத்தடோன் வாங்கறதுக்கு இருந்த கெடுபிடியைத் தளர்த்தறது, இப்படி ஒண்ணொண்ணா. நாடு முழுக்க மெத்தடோன்ல இருக்கறவங்க எண்ணிக்கை 90களின் கடைசியில 18,000 பக்கம் வந்துச்சு, அந்த நாட்டுல மொத்தமா ஹெராயின், கோகெய்ன் பழக்கத்துல சிக்கினவங்க சுமார் 30,000னு கணக்கு போட்டிருந்தாங்க, அதாவது பாதிக்கு மேல ஏதோ ஒரு டாக்டரோட கண் பார்வைக்குள்ள வந்துட்டாங்க.

ரெண்டாவது, மத்திய அரசு நாலு தூண் கொள்கைன்னு ஒண்ணு எடுத்துக்கிட்டுது. தடுப்பு, சிகிச்சை, பாதிப்பைக் குறைக்கறது, சட்ட நடவடிக்கை. இதுல முதல் ரெண்டும் கடைசியும் எல்லா நாட்டுலயும் இருக்கறதுதான், மூணாவதுதான் புதுசு, ஒருத்தர் இன்னைக்கு விடலன்னாலும் நாளைக்கு உயிரோட இருக்கணும்ங்கற எண்ணத்தை அரசாங்கமே தன் வேலைன்னு ஒத்துக்கிட்டது. 1993ல உள்துறை அமைச்சரா வந்த ரூத் டிரைஃபஸ் இதை அசராம தாங்கிப் பிடிச்சாங்க, அவங்கதான் 1999ல அந்த நாட்டோட முதல் பெண் ஜனாதிபதியும் ஆனாங்க. சூரிச் நகரத்துல சமூக நலத்துறையைப் பார்த்துக்கிட்ட எமிலி லீபர்ஹெர் அதுக்கும் முன்னாடியே ஹெராயினை டாக்டர் மூலமா குடுத்தா என்னன்னு கேட்டவங்க.

மூணாவது, என் பார்வையில ரொம்ப முக்கியமானது, அந்தந்த ஊரு அந்தந்த ஆளைப் பார்த்துக்கணும்னு முடிவு பண்ணாங்க. ஞாபகம் இருக்கா, பார்க்குக்கு வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க வெளியூர்னு சொன்னேன்ல. சுத்தி இருந்த கான்டன்கள், கிராமங்கள் எல்லாம் எங்க ஊர்ல போதைப் பிரச்சனையே இல்லன்னு நிம்மதியா சொல்லிக்கிட்டு இருந்தாங்க, ஏன்னா அவங்க பிள்ளைங்க எல்லாம் சூரிச்ல இருந்தாங்க. சூரிச் ஒரு திருப்பி அனுப்பற மையம் ஆரம்பிச்சது, பிடிபட்டவங்களை அவங்க சொந்த ஊர் நிர்வாகத்துக்கிட்ட ஒப்படைச்சுது, இந்தாங்க உங்க ஆளு, இவருக்கு சிகிச்சை ஏற்பாடு பண்ணுங்கன்னு. அதுல வற்புறுத்தல் இருந்துச்சு, அதை மறைக்க முடியாது. ஆனா அதனாலதான் சின்ன ஊர்கள்லயும் மெத்தடோன் குடுக்கற டாக்டர், ஆலோசனை மையம்னு வர ஆரம்பிச்சது. ஒரு பெரிய நகரம் தனியா எவ்ளோ நல்ல மையம் வெச்சாலும் சுத்தி இருக்கற ஊர் எல்லாம் கையைக் கழுவிட்டா அந்த மையமே காந்தம் மாதிரி கூட்டத்தை இழுத்துடும், இதை பல நகரங்கள் பட்டுதான் தெரிஞ்சுக்கிட்டுது.

நாலாவதுதான் 1994 ஜனவரில ஆரம்பிச்ச ஹெராயின் கிளினிக்.

கிளினிக் எப்படி நடந்துச்சு

கேள்விப்படறப்போ அரசாங்கமே ஹெராயின் குடுக்குதான்னு அதிர்ச்சியாதான் இருக்கும், அதனால இதைக் கொஞ்சம் நிதானமா சொல்லணும். இது எல்லாருக்கும் கிடையாது. வயசு 18க்கு மேல இருக்கணும், குறைஞ்சது ரெண்டு வருஷமா பழக்கத்துல இருக்கணும், வேற சிகிச்சையை ரெண்டு தடவையாவது முயற்சி பண்ணி தோத்திருக்கணும், உடம்போ மனசோ வாழ்க்கையோ பழக்கத்தால கெட்டிருக்கணும். இப்படி சட்டத்துல பின்னாடி எழுதின விதி. அதாவது மத்த எல்லாக் கதவும் மூடினவங்களுக்கு. ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை கிளினிக்குக்கு நேர்ல வரணும், நர்ஸ் முன்னாடி போட்டுக்கணும், ஊசியில வர்ற மருந்து பையில போட்டு வெளிய போகாது. கூடவே டாக்டர், மனநல ஆலோசகர், சமூகப் பணியாளர், வீடு வேலை கடன் எல்லாத்துக்கும் உதவி.

ஆரம்பத்துல டாக்டர்களுக்கே ஒரு பயம் இருந்துச்சு, இலவசமா கேக்கற அளவு கிடைச்சா அளவை ஏத்திக்கிட்டே போவாங்களோன்னு. அப்படி நடக்கல. சில மாசத்துல ஒரு நாளைக்கு 500லேர்ந்து 600 மில்லிகிராம்ல போய் நின்னுச்சு, அதுக்கு மேல கேக்கல. தெருவுல அடுத்த டோஸ் கிடைக்குமா கிடைக்காதாங்கற பதட்டம் போனதும் நாள் பூரா மிச்சம் இருக்கு, அந்த நேரத்துல என்ன பண்றதுன்னே தெரியாம நிறைய பேர் மன அழுத்தத்துல விழுந்தாங்க. பத்து வருஷமா அமுக்கி வெச்சிருந்த துக்கம் எல்லாம் அப்போதான் மேல வருது. அந்த இடத்துல ஆலோசகர் இல்லன்னா மருந்து மட்டும் எதையும் சாதிச்சிருக்காதுன்னு அங்க வேலை பார்த்தவங்களே சொல்லியிருக்காங்க.

அம்ப்ரோஸ் உக்டன்ஹாகன் தலைமையில நடந்த ஆய்வுல 1996 முடிய 1,146 பேர் சேர்ந்தாங்க. ஆறு மாசம் கழிச்சு 89 சதவீதம் பேர் இன்னும் சிகிச்சையில இருந்தாங்க, ஒன்றரை வருஷம் கழிச்சு 69 சதவீதம். நிரந்தர வேலையில இருந்தவங்க 14 சதவீதத்துலேர்ந்து 32 ஆச்சு. திருட்டு, சரக்கு விக்கறது மாதிரியான வழியில வருமானம் பார்த்தவங்க 69 சதவீதத்துலேர்ந்து 10க்கு இறங்கிச்சு. 83 பேர் ஹெராயினே வேண்டாம்னு முழுசா விடற சிகிச்சைக்கு தானே மாறிப் போனாங்க. அந்த 83 சின்ன எண்ணிக்கைதான், ஆனா இவங்க யாரு, எதுலயும் தேற மாட்டாங்கன்னு எல்லா மையமும் கைவிட்டவங்க.

காசு கணக்கும் போட்டாங்க. ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு ஆன செலவு 51 ஃப்ராங்க். போலீஸ், கோர்ட், ஜெயில், ஆஸ்பத்திரின்னு மிச்சமானது 96 ஃப்ராங்க். ஒரு ஆளுக்கு தினமும் 45 ஃப்ராங்க் சமூகத்துக்கு லாபம். இதுல பெரிய பங்கு சிகிச்சையால நோய் குறைஞ்சதுல வரல, குற்றம் குறைஞ்சதுல வந்துச்சு. போதைப் பழக்கத்தோட சமூகச் செலவுன்னா நம்ம மனசுல வர்றது ஆஸ்பத்திரி பில்லுதான், ஆனா உண்மையில பெரிய செலவு அந்தப் பழக்கத்துக்கு தினமும் நூத்துக்கணக்குல ஃப்ராங்க் தேடி ஓடற ஓட்டத்துல இருக்கு, உடைக்கப்பட்ட கார் கண்ணாடி, பறிகொடுத்த பை, அதைப் பிடிக்கற போலீஸ் சம்பளம், அடைச்சு வெக்கற ஜெயில் அறை.

குறை சொன்னவங்களும் இருந்தாங்க, அவங்க சொன்னதுல நியாயமும் இருந்துச்சு. இந்த ஆய்வுல பெரும்பாலும் ஒப்பிட்டுப் பார்க்க வேற குழு இல்ல, முன்னாடி எப்படி பின்னாடி எப்படின்னு மட்டும்தான் பார்த்தாங்க. 1999ல உலக சுகாதார நிறுவனத்தோட நிபுணர் குழு, முன்னேற்றம் உண்மைதான் ஆனா அது ஹெராயினால வந்ததா கூட குடுத்த ஆலோசனை உதவியால வந்ததான்னு பிரிச்சு சொல்ல முடியலன்னு எழுதுச்சு. ஐநாவோட போதைப்பொருள் கட்டுப்பாட்டு வாரியமும் முகம் சுளிச்சுது. அப்புறம் நெதர்லாந்து, ஜெர்மனி ரெண்டும் மெத்தடோன் குழுவோட முறையா ஒப்பிட்டு பெரிய ஆய்வு பண்ணாங்க, மெத்தடோன்ல தேறாதவங்களுக்கு ஹெராயின் சிகிச்சை மேலன்னு வந்துச்சு. அதனால இப்போ சந்தேகம் ரொம்பக் குறைவு. ஆனா கேள்வி கேட்டது சரியான கேள்விதான், கேக்காம விட்டிருந்தா பின்னாடி வந்த நல்ல ஆய்வுங்க வந்திருக்காது.

ரெண்டாவது பூட்டு

1995 பிப்ரவரி 14 அன்னைக்கு லெட்டனை மூடினப்போ இதெல்லாம் கையில இருந்துச்சு. மெத்தடோன் இருக்கு, கிளினிக் இருக்கு, படுக்கை இருக்கு, ஊசி போட்டுக்க பாதுகாப்பான ரூம் இருக்கு, வெளியூர் ஆளை வாங்கிக்க அவங்க ஊரு தயாரா இருக்கு. போலீஸும் சும்மா இல்ல, மூடினதோட போகாம பல மாசம் புதுசா கூட்டம் சேர சேர கலைச்சுக்கிட்டே இருந்தாங்க, ஆனா கலைக்கறப்போ போறதுக்கு ஒரு இடத்தைக் கைகாட்ட முடிஞ்சுது. சமூகப் பணியாளரும் போலீஸும் ஒரே மேஜையில உக்காந்து வாராவாரம் பேசிக்கிட்டாங்க, மூணு வருஷம் முன்னாடி ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் எதிரியா பார்த்தவங்க. அதோட தொடர்பு மையத்துக்குள்ள பயன்படுத்தறவங்க தங்களுக்குள்ள சின்ன அளவுல சரக்கு மாத்திக்கறதை சூரிச் கண்டும் காணாம விட்டுச்சு, அதை உள்ள விடலன்னா வாசல்ல தெருவுல நடக்கும்னு தெரிஞ்சு. சட்டப் புத்தகத்தை வெச்சுக்கிட்டு பார்த்தா இடிக்கும், தெருவை வெச்சுக்கிட்டு பார்த்தா புரியும்.

இங்க ஒரு கசப்பான பக்கம் இருக்கு, சுவிஸ் கதையை சொல்றவங்க நிறைய பேர் இதை விட்டுடறாங்க. 1994 டிசம்பர்ல நாடு தழுவிய ஓட்டெடுப்புல வெளிநாட்டவர் மேல கட்டாய நடவடிக்கை எடுக்கற சட்டத்துக்கு 73 சதவீதம் பேர் ஆதரவு குடுத்தாங்க. நாடு கடத்தறதுக்காக மாசக்கணக்குல அடைச்சு வெக்கலாம், அகதியை ஒரு குறிப்பிட்ட ஏரியாவுக்குள்ள வராதன்னு தடுக்கலாம். 1995 பிப்ரவரி 1லேர்ந்து அது அமலுக்கு வந்துச்சு, ரெண்டு வாரத்துல லெட்டன் மூடல். அதாவது சுவிஸ்காரப் பிள்ளைக்கு டாக்டர், வெளிநாட்டு டீலருக்கு காவல்னு ஒரு பிரிவினை அந்த வெற்றிக்குள்ளயே இருந்துச்சு. டீலர் கும்பல் உண்மைதான், அவங்களைப் பிடிக்க வேண்டாம்னு நான் சொல்லல. ஆனா சந்தேகம் டீலரோட நிக்கறது இல்ல, அந்த முகச்சாயல் இருக்கற எல்லார் மேலயும் விழும். இது நம்ம ஆளுங்களுக்கு நல்லாவே தெரியும். 1983க்கு அப்புறம் இலங்கையிலேர்ந்து உயிர் பிழைச்சு சுவிஸ் போன தமிழர்களை அங்கத்திய பத்திரிகைங்க லெதர் ஜாக்கெட் போட்ட ஹெராயின் விக்கறவனா படம் காட்டுச்சு, ஹோட்டல் சமையல்கட்டுல ராப்பகலா பாத்திரம் கழுவினவங்களையும் சேர்த்து. சில வருஷத்துல அந்த முத்திரை லெபனான்காரங்க மேல போச்சு, அப்புறம் கொசோவோ அல்பேனியர்கள் மேல. இன்னைக்கு அங்க தமிழர்களை உழைப்பாளி சமூகம்னு மெச்சறாங்க, ஆனா அந்த முதல் பத்து வருஷத்து அவமானத்தை அனுபவிச்சவங்க மறக்கல. போதைக் கொள்கையோட சமூகச் செலவுக் கணக்குல இதுவும் ஒரு வரி.

ஓட்டுப் பெட்டி

சுவிஸ்ல எந்தக் கொள்கையும் மந்திரி கையெழுத்தோட முடியாது, மக்கள்கிட்ட ஓட்டுக்கு வரும். 1997 செப்டம்பர்ல இந்த கிளினிக் எல்லாம் மூடணும், முழுசா விடறது மட்டும்தான் ஒரே வழின்னு ஒரு தரப்பு ஓட்டெடுப்பு கொண்டுவந்துச்சு, 71 சதவீதம் பேர் வேண்டாம்னாங்க. அடுத்த வருஷம் நவம்பர்ல இன்னொரு தரப்பு எல்லா போதைப்பொருளையும் சட்டபூர்வம் ஆக்கணும்னு கொண்டுவந்துச்சு, 74 சதவீதம் பேர் அதையும் வேண்டாம்னாங்க. ரெண்டு ஓரத்தையும் தள்ளிட்டு நடுவுல நின்ன மக்கள், 1999 ஜூன்ல ஹெராயின் சிகிச்சைக்கு 54 சதவீதத்துக்கு மேல ஆதரவு குடுத்தாங்க, 2008 நவம்பர்ல நாலு தூணையும் நிரந்தரச் சட்டம் ஆக்கறப்போ 68 சதவீதம். அதே நாள் கஞ்சாவை சட்டபூர்வம் ஆக்கற ஓட்டு தோத்துச்சு. கட்டுப்பெட்டியான, வரிப்பணத்தை எண்ணி எண்ணி செலவு பண்ற ஒரு நாட்டு மக்கள் இவங்க. கருணையால மட்டும் ஓட்டுப் போட்டாங்கன்னு சொல்ல மாட்டேன், தெரு சுத்தமாச்சு, திருட்டு குறைஞ்சுது, அதை அவங்க கண்ணால பார்த்தாங்க. பிள்ளைங்களைப் பறிகொடுத்த பெற்றோர் சங்கங்கள் ஊர் ஊரா போய் பேசினாங்க, அதுவும் பலமா வேலை செஞ்சுது. போதைக்காரன்னா யாரோ இல்ல, எங்க வீட்டுப் பையன்னு ஒரு அம்மா மேடையில நின்னு சொல்றப்போ எதிர்த்துப் பேசறது கஷ்டம்.

விளைவு என்னன்னா, போதை மரணங்கள் 2000களில் பாதிக்கும் கீழ இறங்கிச்சு. ஊசி வழியா வர்ற புது எச்ஐவி தொற்று மொத்தத்துல சில சதவீதமா சுருங்கிச்சு. எனக்கு ரொம்ப பெரிய விஷயமா படறது இன்னொண்ணு, 2006ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்த ஆய்வுப்படி சூரிச் கான்டன்ல புதுசா ஹெராயின் பழக ஆரம்பிச்சவங்க 1990ல 850 பேர், 2002ல 150 பேர். அரசாங்கமே குடுத்தா புதுசா பசங்க கெட்டுப் போவாங்கன்னு பயந்தாங்கல்ல, நேர் எதிரா நடந்துச்சு. ஹெராயின் ஒரு கலகக்கார சமாச்சாரமா இருந்தது போய், கிளினிக்ல வரிசையில நிக்கற நோயாளியோட மருந்தா ஆயிடுச்சு, பசங்களுக்கு அதுல என்ன கவர்ச்சி இருக்கும்னு அந்த ஆய்வாளர்களே ஒரு விளக்கம் சொன்னாங்க. அதோட, புது ஆட்களுக்கு பழக்கி விடறது பெரும்பாலும் தன் செலவுக்காக விக்கற பழைய அடிமைங்கதான், அவங்களுக்கு விக்க வேண்டிய தேவை போனதும் சங்கிலி அறுந்துச்சு.

ஆனா எல்லாம் சரியாயிடுச்சுன்னு எழுதினா பொய். கிளினிக்ல இருக்கறவங்க பெரும்பாலும் பழக்கத்தை விடல, வயசாகிட்டே இருக்காங்க. இன்னைக்கும் நாட்டுல 20க்கு மேல கிளினிக், 1,700 பேருக்கு மேல நோயாளிங்க, நிறைய பேர் 50 தாண்டினவங்க, நுரையீரல் கல்லீரல் எல்லாம் தேஞ்சு போனவங்க, முதியோர் இல்லத்துல ஹெராயின் மருந்து எப்படிக் குடுக்கறதுன்னு யோசிக்கற நிலைமை. பார்க் காலத்துல அப்பா அம்மா போதையில இருக்கறப்போ தானா வளர்ந்த குழந்தைங்களை அந்த நாட்டு அரசாங்கம் ரொம்ப நாள் கண்டுக்கவே இல்ல, நாலு தூண்ல அந்தக் குழந்தைங்களுக்குன்னு ஒரு தூண் இல்லாதது பெரிய ஓட்டைன்னு நான் நினைக்கறேன்.

இப்போ வந்திருக்கறது க்ராக், புகைக்கற கோகெய்ன். சூரிச்ல நகரத்துக்கு நடுவுல இருந்த ஒரு தொடர்பு மையம் மூடின பிறகு 2023 கோடையில 4வது வட்டத்துல இருக்கற பேக்கர்ஆன்லாகே பார்க்ல கூட்டம் சேர்ந்துச்சு, பக்கத்துல குழந்தைங்க விளையாடற இடம், ஊர்க்காரங்க பழைய பயத்தோட குரல் குடுத்தாங்க. நகர நிர்வாகம் பூட்டை எடுத்துக்கிட்டு ஓடல, அந்த வருஷம் முடியறதுக்குள்ள மறுபடி நடுவுலயே ஒரு தற்காலிக மையம் திறந்துச்சு, கூடவே போலீஸையும் பார்க்குக்கு அனுப்புச்சு, கூட்டம் மையத்துக்குள்ள போச்சு. முப்பது வருஷம் முன்னாடி கத்துக்கிட்டது இன்னும் கைக்குள்ள இருக்கு. ஆனா ஹெராயினுக்கு மெத்தடோன் இருக்கற மாதிரி க்ராக்குக்கு மாத்து மருந்துன்னு இன்னைக்கு எதுவும் கிடையாது. ஹெராயின் எடுத்தவர் சில மணி நேரம் அடங்கி இருப்பாரு, க்ராக் எடுத்தவருக்கு கால் மணி நேரத்துல அடுத்தது வேணும், தூக்கம் சாப்பாடு ரெண்டும் போயிடும், ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை கிளினிக்குக்கு வாங்கன்னு சொல்ற அந்த ஏற்பாடே இதுக்குப் பொருந்தாது. படுக்க இடம், சாப்பாடு, கொஞ்ச நேரம் சும்மா உக்கார ஒரு அறை, இதைத்தான் ஜெனீவாவும் சூரிச்சும் இப்போதைக்கு கூட்டிக்கிட்டு இருக்காங்க.